பார்சலில் வருது துப்பாக்கி... ஆனா சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை! அமெரிக்கப் பிள்ளைகளின் ‘பிளாக் பவுடர்’ புராஜெக்ட்

இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுமே அமெரிக்காவில் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கக்கூடியவையாக இருந்தவை. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரு கைத்துப்பாக்கியின் பாகங்கள். வாங்கியவர் வீட்டிலேயே உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் பெட்டியின் பெயர் ‘பை, பில்ட், ஷூட்’. வாங்கு, பூட்டு, சுடு என்று அர்த்தம். பாலிமர்80 என்ற நிறுவனம் விற்றது. அந்தக் கிட்டை அதற்குமுன் பார்த்தே இராத ஒருவர், யூடியூப் வீடியோவைப் பார்த்து, சாதாரண டூல்ஸை வைத்து இதை 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கிவிட்டார். இந்தக் கதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 26-ல் தீர்ப்பு வந்தது: இந்த மாதிரி கிட்டும் துப்பாக்கிதான். வரிசை எண் வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது பெட்டியில் ‘கென்டக்கி பிஸ்டல்’. 18-ம் நூற்றாண்டு பாணியில் மரக் கட்டை, எண்கோணக் குழல், பித்தளை வேலைப்பாடு. பூட்டி முடித்தால் இதுவும் சுடும். ஆனால், கூட்டாட்சிச் சட்டத்தின்படி இதற்கு வரிசை எண் வேண்டாம், பின்னணிச் சோதனை வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் புத்தகம் பார்சல் வருவதுபோல வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அதை அப்பாவோ தாத்தாவோ வாங்கி, வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு லீவு புராஜெக்ட்டாகச் செய்வது அங்கே பல குடும்பங்களில் சகஜம்.

டெஸ்க்கில் பக்கத்து சீட் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “ஏம்மா, சுடும்ல? சுட்டா அது துப்பாக்கிதானே?” என்றார்.

“சுடும்ண்ணே. ஆனா சட்டப்படி இல்ல.”

“என்னம்மா சட்டம் அது?”

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

லீ ஹார்வி ஆஸ்வால்டும் தபாலில் வந்த துப்பாக்கியும்

1963-ல் அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி எங்கிருந்து வந்தது தெரியுமா? சிகாகோவில் இருந்த ஒரு கடையிலிருந்து தபாலில். ஆஸ்வால்ட் ஒரு கூப்பனைப் பூர்த்தி செய்து பணம் அனுப்பினார், பார்சல் வந்தது. அவ்வளவுதான். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு ‘கன் கன்ட்ரோல் ஆக்ட்’ நிறைவேறியது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்கும் வழியை அது அடைத்தது. இனி உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அதே சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தே வைத்தது. 1898-ம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கிகள் ‘பழம்பொருள்’. அவை சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி அல்ல. அவற்றின் நகல்களுக்கும் இந்தச் சலுகை உண்டு, நவீன தோட்டா போட முடியாதவையாக இருந்தால். 1998-ல் இன்னும் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் திணித்துச் சுடும், கருமருந்தில் மட்டும் இயங்கும், தோட்டா ஏற்றவே முடியாத துப்பாக்கி நேற்று தயாரானதாக இருந்தாலும் பழம்பொருள்தான்.

ஆக, சட்டம் கோடு போட்டது வயதை வைத்து மட்டும் இல்லை. தோட்டாவை வைத்து. தோட்டா என்பது ஒரு ரெடிமேட் சமாச்சாரம். குண்டு, மருந்து, பற்றவைக்கும் கேப் மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள் இருக்கும். போடு, சுடு, அடுத்ததைப் போடு. கென்டக்கி பிஸ்டலில் அது நடக்காது. ஒரு முறை சுட்டால் ஒரே ஒரு குண்டு. அடுத்ததற்கு மருந்தை அளந்து ஊற்றி, துணித் துண்டில் ஈயக் குண்டை வைத்து, குச்சியால் கடைசி வரை தள்ளி, பின்பக்கத்துச் சின்னக் குமிழில் கேப்பைச் செருக வேண்டும். பழகின கைக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நம்ம ஊர் மலைக் கிராமங்களில் பயிரை மேயும் பன்றியை விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்திருந்தால், இதுவும் அதே தத்துவம்தான்.

பெட்டிக்குள் என்னதான் இருக்கு?

ஒரு குழல். விசையும் சுத்தியலும் அடங்கிய பூட்டு. மரக் கட்டை. பித்தளையில் விசைக்காப்பு. குண்டு தள்ளும் குச்சி. சில திருகுகள், ஒரு கையேடு. இங்கிலீஷில் ‘முழுசா, ஒன்று விடாமல்’ என்பதற்கு ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்பார்களே, அந்த மூன்றும் இதுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளை குழலைச் செய்வதில்லை. வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பாகம் ஃபேக்டரியில் தயாராகிவிட்டது. இந்தக் கிட்டுகளில் பலவும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் உருவாகின்றன. அங்கே ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் அரசு முத்திரை குத்துவார்கள். குழல் மேலேயே ‘பிளாக் பவுடர் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். நவீன புகையில்லா மருந்தைப் போட்டால் அழுத்தம் எகிறி, குழல் கையிலேயே வெடிக்கும். பார்க்க ரெண்டும் கறுப்புத் தூள்தானே என்று நினைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் அந்த எழுத்து.

பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது மரமும் மெருகும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் புராஜெக்ட்டின் மொத்த நேரமும் போவது இங்கேதான்.

மெழுகுவத்திக் கரியும் உப்புத்தாளும்

கட்டையில் குழல் உட்காரும் பள்ளம் ஏறக்குறைய வெட்டித்தான் வரும். ‘ஏறக்குறைய’ என்பதில்தான் சிக்கல். குழலை வைத்தால் எங்கோ ஓரிடத்தில் முட்டும், ஆடும். எங்கே முட்டுகிறது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்குப் பழைய கொல்லர்களின் ஒரு வித்தை இருக்கிறது. உலோகத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டினால் கரி படியும். அப்படியே கட்டையில் அழுத்தி வைத்து எடுத்தால், மரம் எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் உளியால் லேசாகச் சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி சீவு. இருபது, முப்பது முறை.

கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டால்? முடிஞ்சது. சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இடைவெளி தெரியும், கடைசி வரைக்கும். கன்ட்ரோல் இசட் போட்டே பழகிய தலைமுறைக்கு (நானும் அதில்தான் இருக்கிறேன்) இது கொஞ்சம் அதிர்ச்சியான அனுபவமாக இருக்கும்.

பிறகு உப்புத்தாள். சொரசொரப்பானதில் ஆரம்பித்து, படிப்படியாக நைஸுக்கு வர வேண்டும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது. சாயம் பூசியதும் கறுத்துக் கோடாக எழுந்து நிற்கும். ‘முடிஞ்சிருச்சு’ என்று நினைக்கும்போது ஈரத்துணியால் ஒரு முறை துடைக்கச் சொல்வார்கள். காய்ந்தால், வழவழவென்று இருந்த மரத்தில் மீசை முளைத்ததுபோல நார்கள் சிலிர்த்து நிற்கும். அதையும் தேய்க்க வேண்டும். மறுபடி ஈரம், மறுபடி மீசை.

அப்புறம் ஆளிவிதை எண்ணெய். ஒரு பூச்சு, காயக் காத்திரு, அடுத்த பூச்சு. மரவேலைக்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரம் ஒருமுறை, ஒரு வருஷம் மாதம் ஒருமுறை, அப்புறம் ஆயுசுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை. யாரும் அப்படியே கடைப்பிடிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வேலையின் வேகம் என்ன என்பது புரிந்துவிடும்.

குழலுக்கு நேர்மாறான வைத்தியம். நாம் இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றப் பார்ப்போம். இவர்கள் வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பார்கள். ஒரு கரைசலைப் பூசி ஈரமான இடத்தில் வைத்தால் மெல்லிய துரு படரும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். சில சுற்றுக்குப் பிறகு குழல் ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும். பழைய காலத் துப்பாக்கிகளின் நிறம் அது.

21 நிமிடம் எங்கே, இது எங்கே! சனி, ஞாயிறு மட்டும் உட்கார்ந்தால் சில வாரங்களாவது ஓடிவிடும்.

இந்த மோகம் எப்படி வந்தது?

வாய்வழி திணிக்கும் துப்பாக்கிகளுக்கான தேசிய சங்கம் அங்கே 1933-லேயே தொடங்கிவிட்டது. இந்தியானா மாநிலத்தில் ‘ஃப்ரெண்ட்ஷிப்’ என்ற குட்டி ஊர்தான் அதன் தலைமையிடம். துப்பாக்கிச் சங்கத்துக்கு ‘நட்பு’ என்ற ஊர் கிடைத்தது சும்மா தற்செயல்தான். 1950-களின் நடுவில் டிஸ்னியின் டேவி கிராக்கெட் டிவி தொடர் பிள்ளைகளைப் பைத்தியமாக்கியது. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-ல் வந்தபோது இத்தாலியிலிருந்து நகல் துப்பாக்கிகள் இறங்க ஆரம்பித்தன. 1976-ல் நாட்டின் 200-வது பிறந்தநாள். அந்தக் காலகட்டத்தில்தான் கிட் வியாபாரம் உச்சத்துக்குப் போனது. முழுசாகச் செய்ததை வாங்குவதைவிடக் கிட் மலிவு என்பது இன்னொரு காரணம்.

ஒரு கொசுறு: கென்டக்கி துப்பாக்கி கென்டக்கியில் பிறந்தது அல்ல. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் உருவாக்கியது.

இளைஞர் அமைப்புகளும் இதில் உள்ளன. நம்ம ஊர் என்எஸ்எஸ், சாரணர் மாதிரி அங்கே கிராமப்புறங்களில் பரவியிருப்பது ‘4-எச்’. வேளாண் துறையும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன. கன்று வளர்ப்பது, ஜாம் போடுவது, தைப்பது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புராஜெக்ட். செலவு, நேரம், தப்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதன் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவில் வாய்வழி திணிக்கும் துப்பாக்கிக்குத் தனிப் பாடமே உண்டு. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் ரைபிள் பேட்ஜிலும் இது ஒரு விருப்பப் பாடம்.

சுடுவது ஒரு நொடி, கழுவுவது ஒரு மணி நேரம்

பயிற்சி மைதானத்தில் விதிகள் கறார். கண்ணாடி, காதடைப்பு கட்டாயம். குழலின் வாய் எப்போதும் இலக்கின் பக்கம்தான். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது. இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும், உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கலாம். குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்காராமல் நடுவழியில் நின்றிருந்தால் குழலே பிளக்கலாம். அதனால் குச்சியில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். குச்சி அந்தக் கோடு வரை உள்ளே போனால்தான் சரி.

இந்தக் கேப் ஒரு பாதிரியாரின் உபயம். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்து பாதிரியாருக்கு வாத்து வேட்டையில் பைத்தியம். அந்தக் காலத்து சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பளிச்சென்று தீ மின்னும், பிறகுதான் குண்டு போகும். வாத்து அந்த இடைவெளியில் முழுகிவிடும் அல்லது பறந்துவிடும். கடுப்பான பாதிரியார், தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தை வைத்துப் பற்றவைக்கும் முறைக்கு 1807-ல் காப்புரிமை வாங்கினார். தீபாவளிக்குக் கல்லால் தட்டுவோமே பொட்டு வெடி, அதே வேலைதான் இந்தக் கேப்பும் செய்கிறது.

வெடித்ததும் வெள்ளைப் புகை மண்டும், கூடவே அழுகின முட்டை நாற்றம். கந்தகம். வெடியுப்பு, கரி, கந்தகம் எரிந்து மிச்சமாகும் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றைக்கே கழுவாவிட்டால், வாரக்கணக்கில் மெருகேற்றிய குழலின் உட்புறம் துருப்பிடித்து நாசம். சோப்பும் வெந்நீரும் விட்டு, துணி கறுப்பு விடாத வரை தேய்த்து, காயவைத்து, எண்ணெய் போட வேண்டும். சினிமாவில் யாரும் இதைக் காட்டுவதில்லை.

சரி, இதெல்லாம் ஒரு குழந்தைக்குத் தேவையா?

ஆதரிப்பவர்களின் வாதம் இப்படிப் போகும்: நாட்டில் துப்பாக்கி நிறைந்திருக்கிறது. பிள்ளை எப்படியும் ஒன்றைப் பார்க்கத்தான் போகிறது. அதைச் சினிமாவில் கற்பதைவிட, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே குண்டு போடும் மெதுவான கருவியில் கற்பது மேல். தன் கையால் செய்ததை யாரும் அலட்சியமாக வீசி எறிய மாட்டார்கள்.

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மெழுகுவத்திக் கரி வித்தையில் ஒரு பிள்ளை கற்கும் பொறுமை நிஜம். ஆனால் அந்தப் பொறுமையை வீணை செய்தும் கற்கலாம், மர நாற்காலி செய்தும் கற்கலாம். நாற்காலி யாரையும் கொல்லாது.

மறுபக்கத்தை எண்களால் பார்க்கலாம். 2020-ல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக, வாகன விபத்தை முந்திக்கொண்டு துப்பாக்கி வந்தது. இதில் வாய்வழித் துப்பாக்கியின் பங்கைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. குற்றங்களில் புழங்குவது வேறு வகை. வரிசை எண் இல்லாத ‘கோஸ்ட் கன்’கள் 2017-ல் சுமார் 1,600 தடம் அறிய அனுப்பப்பட்டன, 2021-ல் அதுவே 19,000-ஐத் தாண்டியது. அந்த வளர்ச்சிதான் முதல் பெட்டியை நீதிமன்றம் வரை இழுத்தது. இரண்டாவது பெட்டியை யாரும் இழுக்கவில்லை.

ஆனாலும் ‘மெதுவானது, அதனால் ஆபத்தில்லை’ என்ற வாதத்துக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் ஃபோர்ட் தியேட்டரில் ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னால் நின்ற ஜான் வில்க்ஸ் பூத் கையில் இருந்தது, ஒரே குண்டு போடும், வாய்வழி திணிக்கும், கேப் வைத்த சின்ன டெரிஞ்சர் பிஸ்டல். அவருக்கு இரண்டாவது குண்டு தேவைப்படவில்லை. அந்தத் துப்பாக்கி இன்றும் அதே தியேட்டரின் மியூசியத்தில் இருக்கிறது.

சட்டத்தின் இன்னொரு ஓட்டை இதைவிட நெருடலானது. கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை, இந்தப் ‘பழம்பொருள்’ பிஸ்டலுக்குப் பொருந்தாது. 18 வயதுக்குக் கீழானவர்களுக்குக் கைத்துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சி விதியும் இதைத் தொடாது. பின்னணிச் சோதனை இல்லை என்பதால் யார் வாங்குகிறார் என்று பார்க்கவும் ஆளில்லை. சில மாநிலங்கள் இதையும் துப்பாக்கியாகவே நடத்துகின்றன. இல்லினாய்ஸில் இதற்கும் அடையாள அட்டை வேண்டும்.

என் கருத்து கேட்டால், பிள்ளை உப்புத்தாள் தேய்ப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பெட்டியை யார் வாங்குகிறார் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்புவதில்தான் பிரச்சினை. வாரக்கணக்கில் பொறுமை கற்பிக்கும் ஒரு புராஜெக்ட், வாங்கும்போது ஒரு பத்து நிமிடச் சோதனைக்குப் பொறுக்காதா என்ன?

இங்கே ஆர்டர் போடலாமா?

போடாதீர்கள். இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் இப்படியொரு சலுகை இல்லை. சுடும் நிலையில் இருக்கும் எந்த வாய்வழித் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 21 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாக உரிமமே இல்லை. பழைய மாடல், பழம்பொருள் என்ற விலக்கு சுடவே முடியாதவற்றுக்கு மட்டும்தான். ரிப்பேர் செய்தால் சுடும் என்றாலும் விலக்கு போச்சு.

‘பாகங்கள்தானே, பூட்டவே இல்லையே’ என்றும் தப்ப முடியாது. ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களையும் நம் சட்டம் சேர்த்துவைத்திருக்கிறது. அதனால் டெக்சாஸில் இருக்கும் அத்தை பையன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, “மாப்ள, ஷோகேஸ்ல வெக்க செம்மயா இருக்கும்டா” என்று இந்தப் பெட்டியை லக்கேஜில் போடப் பார்த்தால், சாக்லேட் போதும் என்று சொல்லிவிடுங்கள்.